பென்னாகரத்தில் கட்சுமி

கொல்கத்தாவில் கட்சுமி யூசாவைத் தெரியாது என்று சொன்னால் டீ கிடைக்காது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் தெரியும் என்று சொன்ன எனக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

"யாருங்க அது?" என்றார் மாஸ்டர்.

"ஜப்பான்..."

"கார்த்தி படமா? அது ஓடலையே!"

பொறுமையாக விளக்கினேன். ஃபுகுஷிமாக்காரர், கால்பந்துக்காரர். ஓ.என்.ஜி.சி. அணியில் ஆடிவிட்டு 2013ல் மோகன் பகானுக்கு வந்தார். 2015ல் அந்த அணி ஐ-லீக் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் ஓயாமல் ஓடியவர் இவர். பிறகு 2017ல் ஈஸ்ட் பெங்காலுக்கே போய்விட்டார். கொல்கத்தாவின் இந்த இரண்டு எதிரி அணிகளுக்கும் நடுவே மீன்கூடப் பொது கிடையாது. பகான்காரர்களுக்கு இறால், ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு ஹில்சா.

"அதாவது எதிர்க்கட்சிக்குத் தாவிட்டார்" என்றேன்.

மாஸ்டர் முகத்தில் இப்போதுதான் வெளிச்சம். "டெபாசிட் வாங்குனாரா?"

2019-20 சீசனில் கட்சுமி சென்னை சிட்டி அணிக்கு வந்தார். பெயர்தான் சென்னை, ஆடியதெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில். முந்தைய சீசனில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியனான அணி. விடுவேனா? தர்மபுரி, சேலம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கார்னர் அடிக்கப் பந்தை வைத்தவர், மனசு ஒப்பாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார். எனக்குப் பின்னால் கடலை தின்றுகொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை: "ஏனுங் ஜப்பான், சட்டுனு அடிங்!" கொங்கு நாட்டில் திட்டுக்கும் மரியாதை உண்டு. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கேயும் ஆளில்லை. அந்த சீசன் கொரோனாவில் முடியும் முன்பே நின்றது. பட்டம் யாருக்கு? அவர் விட்டுவந்த மோகன் பகானுக்கு!

பெயரை யாரும் சொல்லாததற்கெல்லாம் பென்னாகரத்துக்காரன் வருத்தப்படக்கூடாது. 2010 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தபோது மாநிலமே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. தலைவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். அடுத்த மாதமே, "ஒகேனக்கல் போற வழியில வருமே, அந்த ஊரா?" என்று கேட்டார்கள்.

மாஸ்டர் கிளாஸ் கழுவிக்கொண்டே குழாயைக் காட்டினார். "ஜப்பான்னா எனக்குத் தெரிஞ்சது இதுதாங்க."

அதுவும் சரிதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல் காவியேறிய மாவட்டம் எங்களுடையது. சந்தேகமிருந்தால் என்னைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் கட்சுமி மோகன் பகானுக்கு வந்த அதே 2013ல்தான். ஒரே வருஷத்தில் இரண்டு ஜப்பான் வரவு. ஊர் காவிரியை எடுத்துக்கொண்டது, கட்சுமியை என் தலையில் கட்டிவிட்டது.

எனவே இதனால் அறிவிப்பது: பென்னாகரத்தில் கட்சுமி யூசா ரசிகர் மன்றம் தொடங்கியாகிவிட்டது. தலைவர் பதவி நிரம்பிவிட்டது. செயலாளர், பொருளாளர் இடங்கள் காலி. விருப்பமுள்ளவர்கள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு வரவும். டீச்செலவு அவரவருடையது.