மீன்தொட்டியின் குறுக்குக் கண்ணாடி: தோற்றம், பயன், துர்ப்பயன்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிப் போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை எல்லோரும் யோசித்திருக்கிறார்கள். அவ்வூர் வீட்டு ஹோல்களில் நிற்கும் மீன்தொட்டிகளின் ஆழத்தைப் பற்றி ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் கணக்கு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி நிறைந்திருந்தால், முன் கண்ணாடியை நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 95 கிலோ பாரத்துக்குச் சமம். இரண்டு சீமெந்துப் பைகள் இரவும் பகலும் அதில் சாய்ந்து கிடக்கின்றன என்று கொள்க. இதில் தொட்டியின் அகலத்துக்குப் பங்கே இல்லை. அழுத்தம் ஆழத்தை மட்டுமே பார்க்கும் என்று சீமோன் ஸ்டெவின் 1586இலேயே எழுதிவிட்டார். ஆகவே பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொட்டியாரக் குடாவையே அங்கு பொருத்தினாலும், நீர்மட்டம் ஒன்றரை அடியைத் தாண்டாதவரை முன் கண்ணாடிக்கு அதே 95 கிலோதான். (உப்புத் தண்ணீர் என்பதால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளலாம்.) ஸ்டெவினைப் பொறியியலாளராக வைத்திருந்த ஒல்லாந்தர், 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தும் இப்பரிசோதனையைச் செய்யாமல் விட்டது மன்னிக்கத்தக்கதன்று.

அழுத்தம் அடியில்தான் அதிகம். ஆனாலும் கண்ணாடி வெளியே பிதுங்குவது மேல்விளிம்பின் நடுவில். அடியையும் இரு ஓரங்களையும் சிலிக்கோன் பிடித்திருக்கிறது. மேலே பிடிக்க ஆளில்லை. அந்த ஆள்தான் முன்னையும் பின்னையும் இணைத்து ஒட்டப்படும் குறுக்குக் கண்ணாடி. தடிப்பை இரட்டித்தால் கண்ணாடியின் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மையே. ஆனால் அதன் விலையைக் கேட்டவர்கள் குறுக்குக் கண்ணாடிக்கே திரும்பிவிடுவார்கள்.

'வட்டமாகச் செய்தால் பிதுங்காதே' எனச் சிலர் சீனக்குடாவைக் காட்டுவர். அங்கே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன, எல்லாம் வட்டம். எனினும் பெர்லின் ஹோட்டலொன்றில் பத்து லட்சம் லீற்றர் கொண்ட உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அன்று சுமார் 1,500 மீன்களோடு வெடித்துச் சிதறியது. அதுவும் வட்டமே. ஆதலால் இக்கட்சி தள்ளுபடி.

தொட்டிக்கு அடியில் விரிப்பது பற்றி ரெஜிபோம் கட்சி, பழைய பத்திரிகைக் கட்சி என இரு பிரிவுகள் உண்டு. மேசையில் கிடக்கும் சிறு கல்மணிகூட அடிக்கண்ணாடியின் ஒரே புள்ளியில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிடும். ரெஜிபோம் அதை விழுங்கிக்கொள்ளும். பத்திரிகை நனைந்து கூழாகும்.

இனித் துர்ப்பயன். குறுக்குக் கண்ணாடி பக்கவாட்டு இழுவைக்காக ஒட்டப்பட்டது, மேலிருந்து வரும் பாரத்துக்காக அன்று. கள ஆய்வில் அதன்மேல் காணப்பட்டவை: பூச்சாடி, ரிமோட், கட்டாத கரண்ட் பில், ஒருமுறை பூனை. பூனையின் நோக்கமாவது விளங்குகிறது.

இம்முடிவுகளை மறுத்துரைக்க விரும்பும் அறிஞர்கள், முதலில் தத்தம் தொட்டியின் மேலிருக்கும் பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.