எறங்கும்போது ஒட்டிப் பாரு, நைனா

இன்னா நைனா, நெத்தியில விபூதிய காணோம், தொடையில மட்டும் பொட்டா?

ஓகோ, பிசியோதெரபி படிக்கிறியா. சதையில ஓடுற கரண்டை அளக்குற மிஷினு. முடிய வழிச்சு, ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சு, அப்புறம் ஒயரு. தலைக்கு மொட்டை போடுற ஊர்ல தொடைக்கு மொட்டை போட்டுகினு வந்த மொத ஆளு நீதான். உக்காரு, மூச்சு வாங்குது. அம்பது வருசமா இந்தத் தணிகை மலை அடிவாரத்துல கற்பூரம் விக்கிறேன், எனக்கும் ரெண்டு சொல்லிக் குடு.

முன்தொடையில நாலு சதையாம். மூணு மேல தெரியுமாம். நாலாவது அடியில பதுங்கிகினு இருக்குமாம், உன் பொட்டுக்குச் சரியா சிக்காதாம். எங்க வீட்லயும் நாலு பசங்க. வேலைன்னு கூப்ட்டா நாலாவது அப்படித்தான்.

மொதல்ல சின்ன நார்க்கூட்டம் வேலை செய்யும், பளு ஏறி அது களைச்சா பெரிய கூட்டத்தை உடம்பு எழுப்பிவிடும், அதனால கோடு பெருசு பெருசா குதிக்கும், ஆனா துடிப்பு மந்தமாயிடும்ன்றே. தெம்பு கொறையக் கொறைய சத்தம் கூடுது, சுருதி எறங்குது. இதுக்கு மிஷினா? டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு வா. 1917-ல வள்ளிமலை சாமி ஆரம்பிச்சு வச்சது. புதுவருசத்துக்கு வெள்ளைக்காரத் தொரையப் பாக்க ஓடினவங்கள, தணிகைத் தொரைய மொதல்ல பாருங்கடான்னு திருப்பிவிட்டாரு. 365 படி, படிக்கு ஒரு பாட்டு. பத்தாவது படியில கணீர்னு பாடுனவன் முந்நூறாவது படியில "அரோகரா"ன்னு கத்துவான் பாரு, தொண்டை கிழியும், சுருதி தரையில கெடக்கும். உன் கோடும் அதான்.

நான் மொத மொத ஏறுனப்போ இந்த மலை சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. 1960-ல மலை தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு, தொடைவலி அந்தப் பக்கமே நிக்கல, கூடவே வந்துடுச்சு.

ஆமா, எறங்கும்போது ஒயரக் கழட்டிட்டியாமே? கோடு சின்னதா வருது, சுவாரசியம் இல்லைன்னு? அட அசடே, திருடன் அங்கதானே ஒளிஞ்சிருக்கான்! ஏறும்போது சதை சுருங்கித் தூக்குது. எறங்கும்போது நீண்டுகினே பிரேக் போடுது. கொஞ்ச நாரே மொத்த பாரத்தையும் தாங்குது. கோடு நல்ல புள்ளையாட்டம் அடங்கிக் கெடக்கும், உள்ள நாரு இழுபட்டுப் பிஞ்சிகினு இருக்கும். ஆடிக்கிருத்திகைக்கு ஆந்திராவுலேர்ந்து காவடி எடுத்து வர்றவங்க ஏறும்போது முனகவே மாட்டாங்க. மறுநாள் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாரு. கம்பியப் புடிச்சிகினு, நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்குவாங்க.

சரி, கற்பூரம் ஒண்ணு வாங்கிக்கோ. மறுபடியும் ஏறி எறங்கு, ஒயர மட்டும் கழட்டாதே. உங்க ஹாஸ்டல்ல குந்துற கக்கூசுதானே? நாளான்னிக்குக் காலைல மிஷினையும் உள்ள எடுத்துகினு போ. எழுந்துக்கும்போது கோடு எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும். நேர்ல வரவேணாம் நைனா, நீ போடுற சத்தம் இங்கயே கேக்கும்.