டெல்டா சார்

எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "மூணாவது மாடி டெல்டா சாருக்கு எந்த ஊருங்க, தஞ்சாவூரா, திருவாரூரா?" இரண்டும் இல்லை. அவருக்குப் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர், அதாவது மணலைப் பார்த்து. அவருடைய டெல்டா வேறு. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது நிமிஷத்தில் "அதெல்லாம் சரி தம்பி, டெல்டா ஈ எவ்வளவு?" என்று நிற்பார். முதல் தடவை கேட்டபோது நெற்பயிரில் ஏதோ பூச்சி விழுந்திருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நிறத்தை மானிட்டர் எப்படிக் காட்ட வேண்டுமோ அதற்கும், உண்மையில் காட்டுவதற்கும் உள்ள விலகலைச் சொல்லும் எண்தான் டெல்டா ஈ. உணர்வு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தாம் அந்த ஈ. எண் இரண்டுக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் லேசில் பிடிபடாது. சாருக்கு ஒன்றுக்குக் கீழே வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வேண்டும்.

இந்த ரகத்தினரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்கு எண்பதாயிரம் கொடுக்கும்போது கை நடுங்காது. பறவை எடுக்க ஒரு லென்ஸ், பூவுக்குள் எறும்பு எடுக்க ஒரு லென்ஸ் என்று பிராவிடன்ட் ஃபண்டு பணம் கண்ணாடியாக மாறும். ஆனால் எடுத்த படத்தை உட்கார்ந்து திருத்துவதற்கான மானிட்டர் என்று வரும்போது மட்டும், முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் மற்றவர்களின் பயணப்படியை வெட்டிய பேனா உள்ளே விழித்துக்கொள்ளும். "அது வெறும் டிவி மாதிரிதானே, அதுக்கு எதுக்கு முப்பதாயிரம்?" என்று ஒரு வாய் சொல்லும். "எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு நூறு சதவீதம் இல்லாட்டி அது மானிட்டரே இல்லை" என்று அதே வாய் சொல்லும்.

இத்தனைக்கும் சார் வீட்டில் இருந்தது 2008-இல் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய பதினேழு அங்குல மானிட்டர். கிட்டத்தட்டச் சதுரமாக, பழைய தகர டிரங்குப் பெட்டியின் மூடி போல இருக்கும். மகன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டான். மானிட்டர் மட்டும் பணியில் இருந்தது. உள்ளே எல்இடி கிடையாது, மெல்லிய டியூப் லைட்டுகள். வயதாக ஆக அவை மஞ்சளிக்கும். சாருக்கு அது தெரியும், என்னிடம் விளக்கமாகச் சொன்னதே அவர்தான். ஆனால் தினமும் பார்க்கிற மஞ்சள் கண்ணுக்கு மஞ்சளாகவா தெரியும்? திரையில் மனிதர்கள் காமாலை கண்டவர்கள் போலத் தெரிய, சார் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் நீலத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சரியாகிவிட்டது. குடும்பக் குழுவில் வந்து விழுந்த படங்களில் மொத்த வம்சமும் நீலமேக சியாமளர்களாக நின்றது. "பெரியப்பா, நான் ஏன் கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி இருக்கேன்?" என்று கேட்ட பெண்ணுக்கு, "உன் போன்ல டிஸ்ப்ளே சரியில்லைம்மா" என்று பதில் போனது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாருடைய தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்தது. தங்கை அரக்குக் கலர் காஞ்சிபுரம் கட்டியிருந்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது சார் வீட்டு அக்கா என் மனைவியின் காதில், "புடவை அரக்கு, ரவிக்கை மாதுளை. ஒரு நூல் தள்ளியிருக்கு" என்றார். காதில் சொன்னது எப்படியோ நாத்தனார் காதுக்கும் போயிற்று. பெரிய விவகாரம். ரங்கநாதன் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, டூ பை டூ துணியைப் புடவை மேல் போட்டுப் போட்டுப் பார்த்து எடுத்த ரவிக்கையாம் அது. கடைசியில் சாட்சிக்கு வந்தது சார் எடுத்த படம். அந்தச் சதுர மானிட்டரில் குடும்பமே கூடிப் பார்த்தது. புடவையும் ரவிக்கையும் அச்சு அசலாக ஒரே நிறம், இரண்டுமே லேசான ஊதா. வழக்கு தள்ளுபடி. அன்றிலிருந்து அக்கா அந்த மானிட்டர் இருக்கும் அறைக்கு காபி கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டார்.

புது மானிட்டர் தேடல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எக்ஸெல்லில் ஒரு தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது முப்பத்தேழு மானிட்டர்கள், இருபத்திரண்டு கட்டங்கள். டெல் உண்டு, பென்க்யூ உண்டு, ஆசஸ் ப்ரோஆர்ட் உண்டு. மேலே, கர்ப்பக்கிரகத்தில் வைத்தது போல ஒரு எய்சோ. வாங்க இல்லையாம், "தரிசனத்துக்கு." சார் ஒரு வரிசைக்குப் பச்சை அடித்து, "இதுதான், முடிவு" என்பார். ஆடித் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருப்பார். ஆடி வந்தால் ஆயுத பூஜை வரட்டும், அப்புறம் தீபாவளி, அப்புறம் குடியரசு தினம். அதற்குள் அந்த மாடல் நின்றுபோய், பெயரின் கடைசி எழுத்து மட்டும் மாறிய இன்னொன்று வந்திருக்கும். அது அதன் தம்பியா, வேறு வீட்டுப் பிள்ளையா என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஓடும்.

ஆனால் அவருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்தான், அதுதான் வேடிக்கை. தெருமுனை ஸ்டூடியோ பையன் கல்யாண ஆல்பம் போட மானிட்டர் வாங்க வேண்டும் என்றபோது, அவனைப் படிக்கட்டிலேயே உட்காரவைத்து அரை மணியில் கரையேற்றிவிட்டார்.

"முதல்ல ஐபிஎஸ் பேனலான்னு பாரு. டிஎன் வேண்டாம், தலையைச் சாய்ச்சா நிறம் மாறும். விஏ பேனல்ல கறுப்பு நல்லா இருக்கும், ஆனா பக்கவாட்டுல பாத்தா முகம் வெளுத்துப்போகும். இந்த ஹெர்ட்ஸ் நூத்திநாப்பத்திநாலு, நூத்தியறுபத்தஞ்செல்லாம் சண்டை விளையாட்டு ஆடற பசங்களுக்கு. தாலி கட்டற போட்டோ ஓடவா போகுது?"

"பெட்டியில எழுபத்திரண்டு சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருக்கு சார். டிஸ்டிங்ஷனுக்கே மூணு மார்க் குறையுதே?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அது 1953-ல அமெரிக்கா டிவிக்கு வகுத்த அளவு. அதுல எழுபத்திரண்டுன்னா நம்ம எஸ்ஆர்ஜிபி ஏறக்குறைய முழுசும் வந்துடும். நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தா மட்டும் தொடாதே, செவப்பெல்லாம் செங்கல் ஆயிடும்."

எட்டு பிட்டா, ஆறு பிட்டா என்பது அடுத்த பாடம். எட்டு பிட் பேனல் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களைக் காட்டும். ஆறு பிட்டின் சொந்தச் சரக்கு 2,62,144 மட்டும். மிச்சத்தைப் பக்கத்து நிறங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டி ஒப்பேற்றும். "ரெண்டு நாற்காலியை வெச்சுக்கிட்டு மூணு பேரை உக்காத்தி வெக்கிற மாதிரி" என்றார் சார். பையன் எழுந்து போகும்போது அவர் கத்திச் சொன்னதுதான், என் கணக்கில், அந்த அரை மணியிலேயே காசு பெறும் விஷயம்: "வாங்கினதும் பிரைட்னஸைக் குறைடா! கடையில முந்நூறு நிட்ஸ்ல ஜொலிக்கும். அதுலயே திருத்தினா, பிரின்ட் வரும்போது மாப்பிள்ளை கரிக்கட்டை. நூத்தியிருபதுக்கு இறக்கு, ஜன்னலுக்கு எதிர்ல வெக்காதே!" லேப்காரனோடு சண்டை போட்டே கழிந்த அவன் இரண்டு வருஷத்துக்கு அன்று காரணம் கிடைத்தது.

பையன் மறுநாளே வாங்கிவிட்டான். சார் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் புது மானிட்டரைப் பார்க்கும்போதெல்லாம் சார் முகத்தில் ஒரு இரக்கம் தெரியும், அவசரப்பட்டுவிட்டார்களே என்று.

போன மாசி மாதம் என்னையும் ரிச்சி தெருவுக்கு இழுத்துப் போனார். அன்று அக்காவும் கூட வந்தார். அங்கிருந்து தி. நகர் போய் மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணி எடுக்கும் திட்டம். மஞ்சள் பையில் புடவை இருந்தது. அதுவும் அரக்கு. அறுபதாம் கல்யாணத்துக்குத் தங்கை எடுத்தபோதே, அதே தறி, அதே சாயம் என்று அண்ணிக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தது. விவகாரத்துக்குப் பிறகு அக்கா அதைக் கட்டவே இல்லை.

அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் சாரைத் தெரியாத கடையில்லை. "சார் வந்துட்டாரு, டெமோ பீஸை எடு" என்று உள்ளே குரல் போயிற்று. கடைக்காரர் முகத்தில் இருந்தது மரியாதையா, விரதமா என்று சொல்ல முடியாது. சார் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். முதலில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், வெள்ளை, கறுப்பு. செத்த புள்ளி இருக்கிறதா என்று மூக்கு திரையில் படுகிற தூரத்தில் பார்த்தார். பிறகு கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் சாம்பல் பட்டை. "தம்பி, லைட்டை அணைங்க" என்றார். இன்னொரு வாடிக்கையாளர் பிரின்டருக்கு மை வாங்கிக்கொண்டிருந்தார். அப்படியே இருட்டில் நின்றார். கடைசியில் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தார். மை வாங்கியவர் அவரைத் தாண்டிப் போனார்.

"கீழேருந்து பாத்தாலும் நிறம் மாறலை. ஆனா..." என்று ஆரம்பித்தார்.

"ஏங்க," என்றார் அக்கா. "அந்த ஃபங்ஷன் படம் இருக்கா அதுல? நீங்க கை வெக்காதது?"

இருந்தது. கேமராவிலிருந்து வந்தபடியே, நீலம் ஏறாத அசல். கடைப் பையன் அதை ஆறு மானிட்டரில் ஒரே நேரத்தில் போட்டான். அக்கா பையிலிருந்து புடவையை எடுத்தார். டியூப் லைட்டுக்குக் கீழே பிரிக்கவே இல்லை. நேராகக் கடைக்கு வெளியே போய், பகல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து, ஒரு பக்கம் திருப்பி, இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தார். ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்று சார் எக்ஸெல்லில் ஒரு கட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறாரே, அது இந்தப் பகல் வெளிச்சத்துக்குத்தான் இன்னொரு பெயர். புடவைக் கடை வாசலில் நம் வீட்டுப் பெண்கள் தினம் தினம் கையாளுகிற அளவு. அக்கா உள்ளே வந்தார். ஆறையும் ஒரு தரம் பார்த்தார்.

"இது."

கடைப் பையன் விலை சொன்னான். பதினோராயிரத்து எண்ணூறு.

சார் தாளைப் புரட்டினார். நாலாவது வரிசை. பதினாலு மாதத்துக்கு முன்பே அவர் பார்த்து ஒதுக்கியது. "இதுக்கு ஸ்டாண்டு மேல கீழ நகராதே. கழுத்து வலி வரும்."

"நாலு தீபாவளி மலரைக் கீழ வெச்சா ஆச்சு. பரண்ல கிடக்கு" என்றார் அக்கா, புடவையை மடித்துக்கொண்டே. இதற்கு எக்ஸெல்லில் கட்டம் இல்லை.

வாங்கியாயிற்று. அன்று மாலை நானும் கூட இருந்தேன். மலர்கள் நான்கல்ல, ஐந்து தேவைப்பட்டன. சார் திரைச்சீலையை இழுத்துவிட்டார், பிரைட்னஸை இறக்கினார், சாம்பல் பட்டையை மறுபடி ஒருமுறை ஓட்டினார். பிறகு தன் பழைய கைவண்ணங்களைத் திறந்தார். கபாலி கோயில் கோபுரம், காசிமேட்டு மீன் கூடை, பேரன் காதுகுத்து, எல்லாம் நீலம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மூவாயிரம் படம் இருக்கும் தம்பி" என்றார் பிறகு, மெதுவாக.

அக்கா காபி கொண்டு வந்தார். அந்த அறைக்கு, ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்து. அறுபதாம் கல்யாணப் படம் திரையில் இருந்தது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அரக்கு சரியா வந்திருக்கா?" என்றார் சார்.

"புடவை அரக்கு" என்றார் அக்கா. விரலை இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினார். "ரவிக்கை மாதுளை. இதை அப்படியே உங்க தங்கச்சிக்கு அனுப்புங்க."