யானைத் துதிக்கை எங்கே போனது?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பலகைகளில் பழைய துதிக்கை 'லை' காணப்படவில்லையே, ஏன்?

பதில்: 'ஆலை', 'சாலை', 'வேலை' மூன்றும் 'லை'யில்தான் முடிகின்றன. அந்த 'லை' 1978 வரை வேறு உருவில் இருந்தது. ண, ல, ள, ன ஆகிய நான்கின் தலையில் மட்டும் ஐகாரக் குறி துதிக்கைபோல் வளைந்து ஒட்டியிருக்கும். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் அச்சுக்கூடம் தனித்தனி ஈய அச்சு வைத்திருக்க வேண்டும்.

பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்டு 13 எழுத்துகளை மாற்றியது. 'ஐ'யை 'அய்' என்றும் 'ஔ'வை 'அவ்' என்றும் எழுதும் யோசனை மட்டும் ஏற்கப்படவில்லை.

ஸ்பானிய மொழியும் இந்த வழியில் நடந்தது. மொழியறிஞர் ஆந்த்ரேஸ் பெல்யோ 1823-இல் ஒலிக்கேற்ற எழுத்துமுறையை முன்வைத்தார். சிலி நாடு 1844-இல் அதைத் தழுவி ஒரு முறையை ஏற்றது. 1927-இல் ஸ்பானிய அகாதெமியின் முறைக்கே திரும்பியது. தமிழ் திரும்பவில்லை. பள்ளிப் பாடநூலும் அரசாணையும் ஒரே வடிவைப் பிடித்துக்கொண்டதால் புதிய எழுத்து நிலைத்தது.

ஆனாலும் எந்த எழுத்தில் எழுதுவது என்ற வாதம் முடியவில்லை: ராமானுஜர் பிறந்த ஊரை 'ஸ்ரீபெரும்புதூர்' என்று கிரந்த எழுத்தோடு எழுதுவோரும் உண்டு, 'திருப்பெரும்புதூர்' என்று எழுதுவோரும் உண்டு.