கூழைக்கடாவைக் கலைக்காத புண்ணியவான்

எம்.எல்.ஏ. பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கும் எங்கள் நாயுடுபேட்டையில், எங்கள் தெருமுனை ஸ்டுடியோ அண்ணனுக்கு இதுவரை ஒரு சால்வைகூடப் போர்த்தியதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. பதினெட்டு வருஷமாக ஒரே கொள்கையில் நிற்கிற மனிதர். 2022 ஏப்ரலில் ஊரே நெல்லூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அண்ணன் கடைப் பலகையில் மாவட்டத்தின் பேரை மட்டும் மாற்றினார், கொள்கையை மாற்றவில்லை. தனக்கென்று ஒரு படமும் எடுப்பதில்லை என்பதுதான் அது.

எடுக்கத் தெரியாமல் இல்லை. முகூர்த்த நேரத்தில் சீரகமும் வெல்லமும் சேர்த்துப் பெண்ணின் உச்சியில் வைக்கும்போது மாப்பிள்ளையின் விரல் லேசாக நடுங்குமே, அந்த நடுக்கத்தை எடுத்துத் தருகிற கை அவருடையது. அவர் எடுக்கும் பாஸ்போர்ட் படத்தில்கூடக் காதோரம் ஒரு வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை தெரிந்தும் தன் ஆசைக்காக ஷட்டரைத் தொடாமல் இருப்பதற்குத் தவசீலர்களின் மன உறுதி வேண்டாமா?

ஆசையாவது பெரிய ஆசையா என்றால், அதுதான் பெரியது. நேலபட்டு. சென்னைப் பக்கமாக நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் தொரவாரிசத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1976இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. மழைக்குப் பின் கூழைக்கடாக்கள் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். பழவேற்காடு ஏரிவரை பறந்து போய் மீன் பிடித்து வரும். குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு அதை எடுத்துத் தின்னும். அந்தக் காட்சியை ஒரு பருவம் முழுக்க, முதல் சுள்ளியிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கிறவரை எடுத்துப் புத்தகமாகப் போட வேண்டும். இதை அண்ணன் சொல்லிக் கேட்க வேண்டும். டீ ஆறிப்போகும். கேட்கிறவன் கண்ணில் தண்ணீர் வரும். படம் எடுத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு இப்படிச் சொல்ல வராது.

தடையாக இருப்பது சீசன்தான். “சீசன் முடியட்டும் தம்பி” என்பார். கார்த்திகையிலும் தையிலும் மாசியிலும் கல்யாணங்கள் நெருக்கும். ஒரே நாளில் இரண்டு மண்டபம், டிரோன் ஒரு பக்கம், எல்இடி திரை ஒரு பக்கம். பறவைகள் இருப்பதும் அந்த மாதங்களில்தான். ஆனால் பஞ்சாங்கம் கணித்த பெரியவர்களுக்குப் பறவைகள் மேல் என்ன பிரியமோ, நடுவில் மார்கழி என்று ஒன்றை வைத்துவிட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல்வரை கல்யாணமே கிடையாது. கூழைக்கடா கூட்டில் இருக்கும் காலமும் அதுவே. வேறு யாராக இருந்தாலும் சபலப்பட்டிருப்பார்கள்.

அண்ணன் அசையவில்லை. கார்த்திகைக் கல்யாண ஆல்பங்களை மார்கழிக்கென்றே எடுத்து வைத்துக்கொள்கிறார். கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, மணமக்களுக்குப் பின்னால் ஒரு நீல ஏரியை ஒட்டி, அதன்மேல் இணையத்திலிருந்து இறக்கிய அன்னப்பறவைகளை மிதக்க விடுகிறார். உயிருள்ள பறவைகள் அரை மணி நேரத் தொலைவில் மீனுக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போது, அவற்றைத் தொந்தரவு செய்யாமல் அன்னத்தை வரவழைக்கிற கருணை யாருக்கு வரும்?

அவர் நேலபட்டுக்குப் போனதே இல்லை என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களும் உண்டு. போயிருக்கிறார். ஆஷாட மாதத்தில், தொழில் படுத்திருக்கும்போது, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஏரி வெடித்துக் கிடந்தது. “பறவையே இல்லை, எதை எடுக்கிறது?” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

இந்த அடக்கம் இல்லாமல் கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். மயிலாப்பூரில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர். பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவர். 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996இல் சாகும்வரை எழுதினார். அதோடு சும்மா இருந்தாரா? வேறு வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு ஒரு கருவி செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பேரும் வைத்து, யானைக்குப் பின்னால் காட்டுக்குள் நடந்தார். வசதி வரட்டும் என்று காத்திருக்கத் தெரியாத பிறவி. அமெரிக்காவில் சால் லைட்டர். ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படமெடுத்துச் சம்பாதித்தவர், மிச்ச நேரத்தில் தன் பேட்டையில் மழை வழியும் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு திரிந்தார். அந்த வண்ணப் படங்களில் பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடந்து, 2006இல்தான் புத்தகமாக வந்தன. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பார்த்தீர்களா, எடுத்தும் உடனே பலன் இல்லை. எடுக்காமலே இருப்பது எவ்வளவு சிக்கனம்!

அண்ணனுக்குச் சரியான முன்னோடி பெரு நாட்டில் இருந்தார். 1948 டிசம்பரில் வோக் பத்திரிகையின் ஃபேஷன் வேலைக்காக லிமாவுக்குப் போன இர்விங் பென், வேலை முடிந்ததும் ஊர் திரும்பாமல் மலைமேல் இருக்கும் குஸ்கோவுக்குப் போனார். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் உள்ளூர்ப் படக்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்தார். படம் எடுத்துக்கொள்ள வந்த மலைவாசிகளிடம் காசு வாங்காமல், நிற்பதற்குத் தான் காசு கொடுத்தார். அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. எல்லோரும் பென்னைப் புகழ்கிறார்கள். தினமும் அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே முகங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிய அந்த மனிதரை நினைக்க ஆளில்லை.

எங்கள் அண்ணனும் ஒதுங்கத் தெரிந்தவர். கூழைக்கடாவுக்கென்று தவணையில் வாங்கிய 150-600 லென்ஸ், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில் பூஞ்சை படாமல் இருக்கிறது. போன மார்கழியில் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் அதை நாலு நாள் வாடகைக்குக் கேட்டான். அண்ணன் முகம் சுளிக்காமல் கொடுத்தார். எந்த மரத்தில் கூடு அதிகம், காலையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தாளில் படம் போட்டும் கொடுத்தார். பையன் திரும்பி வந்து வாடகையோடு ஒரு பிரிண்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். தாயின் அலகுக்குள் குஞ்சு தலையை விட்டிருக்கிற படம்.

அண்ணன் அதை நல்ல தேக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆல்பம் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “நீங்க எடுத்ததா அண்ணா?” என்று கேட்கிறார்கள்.

“லென்ஸ் நம்மளுதுதான்” என்கிறார்.