சாயாத சாய்வெழுத்து

ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடும் நிரலின் கையேட்டை யாரும் பொழுதுபோகாமல் எடுத்துப் படிப்பதில்லை. சொத்துப் பாகப்பிரிவினை என்றால் பத்திரத்தை வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடும் மனிதர், லினக்ஸ் முன்னால் உட்கார்ந்தால் முதலில் எண்டரைத் தட்டுவார். வயிற்றைக் கலக்கிய பிறகுதான் கையேட்டைத் திறப்பார். அப்படிப்பட்டவருக்காக அதிலுள்ள தடித்த எழுத்தையும் சாய்வெழுத்தையும் சீர்செய்வது என் ஓய்வுநேரத் திருப்பணி.

வீட்டில் இதை விளக்குவதுதான் கஷ்டம்.

“என்னங்க, இன்னும் தூங்கலையா?”

“ஒரு ஹைஃபனை மைனஸா மாத்திட்டிருக்கேன்.”

“ரெண்டும் கோடுதானே?”

அதுதான் இல்லை. ‘மேன் பேஜ்’ எனப்படும் இந்தக் கையேட்டை வடிவமைத்துத் திரையில் காட்டுவது க்ரோஃப் என்ற நிரல். மூலத்தில் வெறும் கோடு போட்டால் அதை அச்சுக்குரிய ஹைஃபனாக்கிவிடக்கூடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு வைத்தால்தான் மைனஸ். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால்தான் கட்டளை முழிக்கும். புள்ளியில் தொடங்கும் வரியின் கதி இன்னும் மோசம். தனக்கு இட்ட உத்தரவு என்று க்ரோஃப் அதை எடுத்துக்கொள்ளும். உத்தரவு புரியாவிட்டால் வரியையே சத்தமில்லாமல் விழுங்கிவிடும். விழுங்கியது எச்சரிக்கை வாசகமாக இருந்தால் படிப்பவர் தலையெழுத்து.

தடித்த எழுத்தில் இருப்பதை அப்படியே அடிக்கவேண்டும், சாய்வில் இருக்கும் இடத்தில் உங்களுடையதைப் போடவேண்டும் என்பது மரபு. (டெர்மினலில் சாய்வெழுத்து பெரும்பாலும் சாயாது, அடிக்கோடாகத்தான் வரும். போகட்டும்.) எடுத்துக்காட்டில் டிஸ்க்கின் பெயரைத் தடிப்பாகப் போட்டுவைத்தால், வாசகர் பணிவாக அதையே அடிப்பார். கல்யாண ஆல்பம் சரியாக அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். பார்ட்டிஷன் போடும் நிரல்களில் எஃப்டிஸ்க்காவது பொறுமைசாலி, டபிள்யூ அடிக்கும்வரை மாற்றமெல்லாம் நினைவகத்தோடு சரி. பார்ட்டட்டுக்கு அந்த நிதானம் கிடையாது. எண்டர் தட்டியதும் டிஸ்க்கில் எழுதிவிடும்.

அண்மையில் இந்தப் பணியில் சேர்ந்த ஒரு தம்பி, ‘மெபிபைட்’ என்று இருந்ததையெல்லாம் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘மெகாபைட்’ ஆக்கி வைத்திருந்தார்.

“தம்பி, அது 10,48,576 பைட். இது 10,00,000” என்றேன்.

“48,576 பைட்தானே அண்ணே, ரவுண்டா இருக்கட்டுமே!”