பதினெட்டு ஸ்லாட்டுக்காரர்

காலையில் ஆவின் பூத் வாசலில் பால் பாக்கெட்டும் கையுமாக மொபைலை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாட்ஸாப் பார்க்கிறவர்கள். எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு கொஞ்சம் ஏறினால் முகம் வாடிவிடும். "ராத்திரி முப்பத்தெட்டுல இருந்துச்சு, இப்ப நாப்பத்தொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பூத்தில் இருக்கும் அம்மா பதறிப்போய், "உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க சார்" என்றார். "அதெல்லாம் வேணாம்மா, ஃபேனை இருபத்தஞ்சு பர்சென்ட் ஆக்கினாப் போதும்" என்று சொல்லிவிட்டு இவர் நடையைக் கட்டினார். அன்றிலிருந்து அந்த அம்மா இவர் குடும்பத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயமே வேறு.

கோடு, அவர் வீட்டு சர்வரின் வெப்பநிலை. இந்த ரகத்து ஆளை நான் மனசுக்குள் பதினெட்டு ஸ்லாட்டுக்காரர் என்று அழைப்பேன். ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். வேலை எங்கேயாவது இருக்கும். ஐடி கம்பெனி, பாங்க், பாலிடெக்னிக். பகலெல்லாம் அலுவலகத்தில் "சர்வர் டவுன்" என்று கேட்டாலே எரிந்து விழுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டவுனாகவே இருக்கிற ஒரு சர்வரை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆரம்பிக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வாங்கத்தான் போயிருப்பார். அண்ணா சாலையில் இறங்கி நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்தால், சந்துக்குள் சந்தாகப் போகிற ஏதோ ஒரு கடையின் வாசலில், இருபத்தாறு கிலோ எடையில் தட்டையான இரும்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். கம்பெனிகள் வாரண்டி முடிந்ததும் கழித்துக் கட்டியவை; கிளவுடுக்குக் குடிபெயரும்போது கைவிட்டுப் போனவை. நம்மவர் கண் ஒரு டெல் பவர்எட்ஜ் ஆர்710 மேல் விழும். 2009ல் வந்த மாடல். இரண்டு ஸீயான் பிராசசர், ராம் செருகப் பதினெட்டு ஸ்லாட். புதிதாக இருந்தபோது லட்சங்களில் போனது, இப்போது சுமாரான ஒரு மொபைல் விலைக்கு நிற்கிறது. "பதினெட்டு ஸ்லாட்!" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கு. அந்த நான்கிலும் இரண்டு காலி.

"டெஸ்டிங் வாரண்டி ஜி. இங்கயே போட்டுக் காட்டிடறேன்" என்பார் கடைக்காரர். டெஸ்டிங் வாரண்டி என்பது கடை வாசற்படி வரைக்கும் செல்லுபடியாகிற உத்தரவாதம். மேல்மூடியில் பழைய கம்பெனி ஒட்டிய அசெட் ஸ்டிக்கர் இருக்கும். அதை மட்டும் நம்மவர் உரிக்கவே மாட்டார். எந்த டேட்டா சென்டரில் இருந்தது, அங்கே டேட்டாபேஸாக இருந்ததா, மெயில் பார்த்ததா என்று அந்த நம்பரை வைத்தே கோத்திரம் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். பெட்டியில் ஹார்ட் டிஸ்க் இருக்காது. பாதுகாப்புக்காக அவற்றைக் கழற்றி நொறுக்கிவிடுவது கம்பெனி வழக்கம். கூடவே டிஸ்க்கைத் தாங்குகிற கேடியும் போயிருக்கும். ரேக்கில் மாட்டும் ரெயில் இருக்கவே இருக்காது. ரேக் இல்லாத வீட்டுக்கு ரெயில் எதற்கு என்பது வேறு விஷயம். ஆனால் ரெயில் இல்லாததற்கு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசுவார்.

ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆம்ப்ளிஃபையரா சார், கோயிலுக்கா?" என்பார். "ஆமா." விளக்க ஆரம்பித்தால் கிண்டி வந்துவிடும் என்று தெரியும்.

வீட்டில் விசாரணை சுருக்கமாக முடியும்.

"ஏங்க, என்ன இது?"

"சர்வர்."

"எதுக்கு?"

"முதல்ல ஓடட்டும்."

இந்த ரகத்தின் மொத்தத் தத்துவமும் அந்த இரண்டு சொல்தான். மற்றவர்களுக்குத் தேவை முதலில் வரும், சாமான் பிறகு வரும். இவர்களுக்கு முதலில் சாமான் வரும், அது பழுதாக இருந்தால் ரொம்ப நல்லது. தேவை என்றைக்காவது வந்து சேரும், வராவிட்டாலும் பாதகமில்லை.

பின்னால் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று தாங்குவதற்காக. டேட்டா சென்டரில் இரண்டையும் இரண்டு தனித்தனி மின்வழியில் மாட்டுவார்கள். நம்மவர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவார். அதே பாக்ஸின் மூன்றாவது சாக்கெட்டில் வெட் கிரைண்டர் இருக்கும். இந்த ஏற்பாட்டை அவர் கூச்சமே இல்லாமல் 'ரிடண்டன்சி' என்று சொல்வார்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் சுவிட்சைப் போடுவார். போட்டதும் உள்ளே இருக்கிற ஃபேன்கள் முழு வேகத்தில் கிளம்பும். இயந்திரம் தன்னைத்தானே பரிசோதித்து முடிக்கிறவரை அப்படித்தான். டேட்டா சென்டரில் மனிதர் தூங்குவதில்லை என்பதால் இதைச் செய்தவர்கள் சத்தத்தைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டாவது நிமிஷம் அசோசியேஷன் செகரட்டரியிடமிருந்து போன் வந்துவிடும்: "சார், யாரோ மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டாங்க. டேங்க் வழியுதான்னு கொஞ்சம் மாடிக்குப் போய்ப் பாருங்களேன்." நம்மவர் சமர்த்தாக மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "வழியல சார்" என்று பதில் சொல்வார். அதற்குள் பரிசோதனை முடிந்து சத்தம் அடங்கியிருக்கும். செகரட்டரிக்கு இவர்மேல் நல்ல மரியாதை.

முகப்பில் சின்ன எல்சிடி ஒன்று உண்டு. நீலமாக எரிந்தால் சுகம், ஆரஞ்சாக மாறினால் கோளாறு. முதல் ராத்திரியிலேயே நீலமாக எரிந்துவிட்டால் நம்மவருக்குச் சப்பென்று ஆகிவிடும். பெரும்பாலும் அந்த ஆபத்து வருவதில்லை. கடிகாரத்துக்கான சிஆர்2032 பாட்டரி செத்துப்போய், இயந்திரம் ஏதோ ஒரு பழைய வருஷத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும். அதை வாட்ச் கடையில் வாங்கிப் போட்டுவிடலாம். ராம்தான் பெரிய கதை.

இடப்பக்கமும் வலப்பக்கமுமாக ஏ1 முதல் ஏ9, பி1 முதல் பி9 என்று ஸ்லாட்டுகள். திரையில் பி7ல் கோளாறு என்று வரும். பி7ல் இருக்கும் ராம் குச்சியைக் கழற்றி ஏ2ல் போட்டால், கோளாறும் ஏ2வுக்குக் குடிபோகிறதா, பி7லேயே தங்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் குச்சியில் குற்றம், தங்கினால் ஸ்லாட்டில் குற்றம். ஒவ்வொரு முறையும் மறுபடி உயிர்பெற நாலைந்து நிமிஷம் ஆகும். அந்த நிமிஷங்களில் நம்மவரைப் பார்க்க வேண்டும். கைகட்டி நின்றுகொண்டு திரையில் ஓடும் எழுத்துகளை வாசித்தபடி இருப்பார். பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, ராம் குச்சியின் தங்க முலாம் பூசிய விளிம்பை ஒரே திசையில், மெதுவாக, தேய்ப்பார். முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. துகளை ஊதக்கூடாது, எச்சில் படும்; பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும். பட்டுப்புடவையைத் துவைக்கச் சொல்லியும் பத்து வருஷமாகத் தட்டிக்கழித்த அதே கைதான் இது என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சர்வரைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உள்ளேயே தனியாக ஒரு குட்டி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஐடிராக் என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்கு யூசர்நேம் 'ரூட்', பாஸ்வேர்ட் 'கால்வின்'. இது உலகத்துக்கே தெரியும். முதலில் வைத்திருந்த கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, கைரேகை, கேமரா எல்லாம் வைத்திருக்கும்; கால்வினை மட்டும் மாற்றியிருக்காது. நம்மவர் முதல் தட்டிலேயே உள்ளே போய்விடுவார். போனால், திரையைக் காட்டப் பழைய ஜாவா வேண்டும் என்று கேட்கும். இன்றைய பிரவுசர் எதுவும் அதை அண்டவிடாது. ஆகவே பரண்மேல் கிடக்கும் பழைய லேப்டாப்பை இறக்க வேண்டும். அதன் சார்ஜர் எங்கேயோ போயிருக்கும். சர்வரை உயிர்ப்பிக்க லேப்டாப்பை உயிர்ப்பிக்க வேண்டும், லேப்டாப்பை உயிர்ப்பிக்க மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சலிப்பு தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒரு துளிகூட இல்லை.

டிஸ்க்கும் அதே சந்தில் வாங்கியதுதான். மாட்டினால் சர்வருக்குத் தெரியும், ஆனால் உபயோகிக்க முடியாது என்று முறுக்கும். காரணம், பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளில் ஒரு செக்டருக்கு 520 பைட். வழக்கமாக இருக்க வேண்டியது 512. பிழை சரிபார்க்க அந்த எட்டு பைட்டை அதிகமாக வைத்திருப்பார்கள். எட்டே எட்டு பைட்டைக் களைவதற்காக டிஸ்க் முழுவதையும் மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும், மணிக்கணக்கில் ஓடும். நடுராத்திரி கரண்ட் போனால் முதலிலிருந்து. மச்சினன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இந்த வேலை நடந்துகொண்டிருந்ததால் இவர் ரிசப்ஷனுக்கு வரவில்லை. "ஃபார்மட் ஓடிட்டிருந்துச்சு" என்ற காரணத்தை அந்தப் பக்கத்து உறவினர்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சத்தத்துக்கும் மருந்து கண்டுபிடிப்பார். ஃபேனின் வேகத்தை இயந்திரத்தைக் கேட்காமல் நாமே வைக்கிற கட்டளை ஒன்று உண்டு. "ஜீரோ எக்ஸ் முப்பது, ஜீரோ எக்ஸ் முப்பது, ஜீரோ எக்ஸ் ரெண்டு, ஜீரோ எக்ஸ் எஃப்எஃப்..." என்று போகும். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு கூடத்தில் முணுமுணுத்தபடி நடந்தவரிடம், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "எந்த ஸ்லோகம் மாப்ளே, சனிப்பெயர்ச்சிக்கா?" என்று விசாரித்தார்.

வைக்க இடம் தேடுவது தனிக் கூத்து. இரண்டேகால் அடி நீளம், பத்தொன்பது அங்குல ரேக்குக்கு அளவெடுத்த அகலம். வெளிநாட்டில் இதே நோய் பிடித்தவர்கள், ஐகியாவின் லாக் என்ற மலிவான மேசையில் கால்களுக்கு நடுவே இது கச்சிதமாக உட்காருவதைக் கண்டுபிடித்து, அதற்கு லாக்ரேக் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இங்கே பரண் சூடு, பால்கனி சாரல், படுக்கையறைக்கு உத்தரவு கிடைக்கவில்லை, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டைக் கேட்டதற்கே இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டு கிடைத்தது. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் பன்னிரண்டு கோர் ஸீயானுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.

ஒருவழியாக ஓடுகிறது. என்ன ஓடுகிறது? மொபைலில் வரும் விளம்பரத்தைத் தடுக்க ஒரு புரோகிராம். குடும்பப் போட்டோக்கள். அப்பா விட்டுப்போன பழைய பாட்டுத் தொகுப்பு. இதையெல்லாம் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை, சில வாட் மின்சாரத்தில் முனகாமல் செய்துவிடும். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அதுல எத்தனை ஸ்லாட்?" என்று திருப்பிக் கேட்பார். சிபியூ உபயோகம் ஒரு சதவீதம் என்று திரையில் நிற்கும். மீதித் தொண்ணூற்றொன்பதைத்தான் அவர் ரசிக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

சும்மா நிற்கும்போது இருநூறு வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 288. ஈபியின் இலவச யூனிட்டெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். செருப்பு ஸ்டாண்டுக்குள் நுழைகிற இருநூறு வாட்டும் வெப்பமாகக் கூடத்துக்குள் வந்து இறங்கும். மே மாதத்தில் அதை வெளியேற்ற ஏசி வேண்டும். பில் வந்த அன்று மனைவி கேட்டதற்கு, "பழைய ஃப்ரிட்ஜ் ரொம்ப இழுக்குது" என்றார். போன மாதம் புது ஃப்ரிட்ஜ் வந்தது. பில்லில் பெரிய மாற்றமில்லை. இப்போது சந்தேகம் கீசர்மேல்.

அவருடைய பெருமையெல்லாம் அப்டைமில்தான். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்கிற கணக்கு. அதற்கு எதிரி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் வரும் 'நாளைய மின்தடை பகுதிகள்' பத்தியை வரி விடாமல் படிக்கிற ஆள் எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான். எங்கள் பகுதியின் பெயர் வந்துவிட்டால் முந்தின நாளே முகம் செத்துவிடும். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் தாங்குகிறவரை தாங்கும். இதற்காக வீட்டில் ஃபேன், டிவி எல்லாம் அணைக்கப்பட்டு, ஊரிலிருந்து வந்திருந்தால் மாமியாரும் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்.

அப்படியே விட்டிருந்தால் தேவலை. ஓடிக்கொண்டே இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று. ஆறு மாதம் ஒரு கோளாறும் வரவில்லை. மனிதர் இளைத்துப்போனார். ஒரு சனிக்கிழமை மறுபடி கேபிள் வாங்கப் போய், இரண்டாவது பெட்டியோடு வந்தார். "முதல்ல ஓடட்டும்" என்றார். ஓடியது. பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்: இரண்டையும் சேர்த்து கிளஸ்டர் ஆக்கினால், ஒன்று படுத்துவிட்டால் மற்றது தான் மட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ள மெஜாரிட்டி ஓட்டு வேண்டும். இரண்டில் ஒன்று மெஜாரிட்டி ஆகாது. ஆகவே மூன்றாவது ஒன்று.

"மெஜாரிட்டிதானே வேணும்?" என்றார் மனைவி. "இந்த வீட்டுலயும் நாம மூணு பேர் இருக்கோம்ங்க."

சாப்பாட்டு மேசையிலேயே வாக்கெடுப்பு நடந்தது. பெண் தன் ரப்பர் விஷயத்தை மனதில் வைத்து அம்மா பக்கம் கை தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று. தீர்ப்புக்கு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மூன்றாவது சர்வர் இப்போது மாமனார் வீட்டு மாடியறையில் ஓடுகிறது. அங்கே அதற்குப் பெயர் ஆஃப்சைட் பேக்கப். கரண்ட் பில் மாமனார் கட்டுகிறார். அவர் தன் வீட்டு ஃப்ரிட்ஜை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.